250 ரூபாய்க் குற்றம்

அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நெடுந்தூர ஓட்டக்காரியாகச் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் என் தம்பி மகள், சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு என்னை அழைத்தாள். அங்கே அவளுக்குக் காலைப் பயிற்சி முடிந்த நேரம். இங்கே கூடலூரில் மழை பெய்துகொண்டிருந்ததால் பாதி பேச்சு தகரக் கூரையின் சத்தத்தில் போயிற்று. அவள் ஊரில் இந்திய மளிகைக் கடை நடத்தும் ஒருவர், தம் கடையின் கேழ்வரகு மாவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி ஓட்ட உடையில் நான்கு படங்கள் எடுத்து அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டால் 400 டாலர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 34,000 ரூபாய். அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும், அவளைவிடச் சற்று மெதுவாக ஓடும் அமெரிக்கப் பெண் ஒருத்தி, ஒரு காலணிக் கடைக்கு இதே வேலையைச் செய்து மாதந்தோறும் பணம் வாங்குகிறாள். என் தம்பி மகள் மட்டும் செய்யக் கூடாது என்று பல்கலைக்கழகத்தின் விதிமுறை அலுவலகம் சொல்லிவிட்டது.

"பெரியப்பா, நான் ஓடலாமாம், ஜெயிக்கலாமாம், அவங்க போஸ்டர்ல என் படத்தைப் போட்டுக்கலாமாம். நான் மட்டும் என் படத்தை விக்கக் கூடாதாம். இது என்ன நியாயம், சொல்லுங்க."

நீலகிரியில் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மாணவர் வாயில் எப்போதும் 'பி.டி. சார்'. ஆட்டக்காரர்களுக்கு எது நியாயம் என்ற கேள்விக்கு எழுந்தவுடன் பதில் சொல்லிப் பழகியவன். அன்று மட்டும் பதில் வரவில்லை. இதே கேள்வியை வாயால் கேட்காமல் 1998-ல் என் மேசைக்கு முன்னால் ஒருவன் வந்து நின்றிருக்கிறான். அன்று நான் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவனிடம் வருவதற்கு முன், என் தம்பி மகள் சிக்கிக்கொண்டிருக்கும் அமெரிக்கச் சட்டதிட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அங்கே கல்லூரி விளையாட்டு என்பது நம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளைப் போல, பெஞ்சில் உட்கார்ந்த நாற்பது பேர் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகும் காரியமல்ல. லட்சம் பேர் அமரும் கல்லூரி அரங்குகள் அங்கே இருக்கின்றன. ஆண்களுக்கான கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 2010-ல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்குப் போயிற்று. பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ஆளுநர் அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளரோ கூடைப்பந்துப் பயிற்சியாளரோதான். (அங்கே கால்பந்து என்றால் நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து.) அலபாமாவின் நிக் சேபன் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்கினார். இத்தனை பணத்தையும் களத்தில் இறங்கி விளைவித்தவர்களுக்குப் படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகியவற்றோடு கணக்கு முடிந்தது. மேற்கொண்டு தம் ஆட்டத்தை வைத்து வெளியில் யாரிடமாவது ஒரு டாலர் வாங்கினாலும் ஆடும் தகுதி பறிபோகும் என்பதே என்.சி.ஏ.ஏ. என்ற அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதியாக நெடுங்காலம் இருந்தது.

1906-ல் பிறந்த சங்கம் அது. கால்பந்துக் களத்தில் மாணவர்கள் அடிபட்டுச் சாவதைத் தடுக்கத் தொடங்கியது. பணத்துக்கு ஆடாதவனே உண்மையான வீரன் என்ற கருத்து அதற்கு முன்பே இங்கிலாந்தின் மேல்தட்டினரிடமிருந்து வந்து வேர்விட்டிருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு உழைக்க வேண்டாதவர்கள், உழைக்க வேண்டியவர்களோடு ஒரே களத்தில் இறங்காமலிருக்கக் கண்டுபிடித்த வேலி அது என்பது என் அபிப்பிராயம். 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப் என்ற பழங்குடி இளைஞரிடமிருந்து, முன்னொரு கோடையில் சில்லறைக் கூலிக்கு பேஸ்பால் ஆடினார் என்ற காரணத்துக்காக அந்தப் பதக்கங்களைப் பிடுங்கியதை அதற்குச் சாட்சியாகச் சொல்லலாம். அவரை அந்தப் போட்டிகளின் ஒரே வெற்றியாளராக மீண்டும் ஏற்க 2022 வரை ஆயிற்று.

'மாணவ விளையாட்டு வீரர்' என்ற, கேட்கக் கண்ணியமாக இருக்கும் சொல்லின் பிறப்பு இன்னும் விசேஷமானது. 1955-ல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற மாணவர் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தார். வேலையின்போது இறந்த தொழிலாளியின் மனைவிக்குக் கிடைக்கும் இழப்பீட்டைத் தமக்கும் தரவேண்டும் என்று அவர் மனைவி கேட்டார். ஆடுகிறவன் தொழிலாளி என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டால் நாடு முழுவதும் கல்லூரிகள் பதில் சொல்லவேண்டி வருமே என்று அஞ்சிய காலத்தில், சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸும் அவர் ஆட்களும் அந்தச் சொல்லை உருவாக்கி எங்கும் அதையே புழங்கச் செய்தார்கள். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற்ற பின் இதே பையர்ஸ், கல்லூரிகளில் நிலவுவது தோட்ட முதலாளிகளின் மனப்பான்மை என்று எழுதினார். அவர் மனத்திலிருந்தது அடிமைகளை வைத்துப் பருத்தி விளைத்த தோட்டம். ஆனாலும் தேயிலை மலையில் உட்கார்ந்து அதைப் படிக்கும் என்னைப் போன்றவனால் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகத் தாண்டிப் போக முடியவில்லை.

விதி எவ்வளவு நுணுக்கமாக இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்குச் சிற்றுண்டியாக பேகல் என்ற வட்ட ரொட்டியைக் கொடுக்கலாம். அதன்மேல் பாலாடைக்கட்டியைத் தடவிக் கொடுத்தால் அது முழு உணவாகி விதிமீறல் ஆகிவிடும். நம் ஊரில் வர்க்கி தரலாம், வெண்ணெய் தடவினால் குற்றம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்துக் கோப்பையை வென்று கொடுத்த ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கப் போகிறேன் என்று செய்தியாளர்களிடம் சொன்ன பிறகே, உணவுக்கு இருந்த வரம்பை அதே மாதத்தில் எடுத்தார்கள்.

இவையெல்லாம் பல்கலைக்கழகம் தன் பையிலிருந்து கொடுப்பதற்கான வரம்பு. என் தம்பி மகளின் கேள்வி வெளியிலிருந்து வரும் பணத்தைப் பற்றியது. என்னை அதிகம் உறுத்துவதும் அதுதான். ஜெரமி ப்ளூம் பனிச்சறுக்கில் ஒலிம்பிக் வீரர். கொலராடோ பல்கலைக்கழகத்துக்குக் கால்பந்தும் ஆடினார். பனிச்சறுக்குக்குப் பயிற்சி பெற விளம்பரப் பணம் வேண்டும். அதை வாங்கினால் கால்பந்து ஆடக் கூடாது என்றார்கள். ஒரு விளையாட்டின் விதி இன்னொரு விளையாட்டின் சோற்றில் கைவைத்தது. அவர் வழக்குப் போட்டுத் தோற்றார். 2004-ல் தகுதி இழந்தார். 2017-ல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டி லா ஹே தம் யூடியூப் காணொளிகளில் வந்த விளம்பர வருமானத்துக்காக ஆட்டத் தகுதியையும் உதவித்தொகையையும் இழந்தார். தாம் ஆட்டக்காரர் என்பதைக் காட்டும் காணொளிகளில் பணம் பார்க்காமல் இருந்தால் போதும் என்று ஒரு சமரசம் சொல்லப்பட்டது, அவர் ஏற்கவில்லை. அதே கல்லூரியில் கிடார் வாசிக்கும் மாணவன் தன் காணொளியில் சம்பாதித்தால் முதல்வர் அழைத்துக் கைகுலுக்கியிருப்பார்.

வேலி சரியத் தொடங்கியது நீதிமன்றத்தில். முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓ'பேனன், ஒரு வீடியோ கேமில் தம்மைப் போலவே வடிவமைக்கப்பட்ட ஆட்டக்காரன் இருப்பதையும், அதற்காகத் தமக்கு ஒரு காசும் வராததையும் கண்டு 2009-ல் வழக்குத் தொடுத்தார். 2019-ல் கலிபோர்னியா மாநிலம் மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியது மட்டுமே. ஆனால் நீதிபதி கேவனா தனியாக எழுதிய குறிப்பில், சங்கம் சட்டத்துக்கு மேற்பட்டதல்ல என்று சொன்னதை எல்லாரும் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். பத்தே நாளில், ஜூலை 1 முதல், பெயர் உருவ வருமானத்துக்கான தடை விலகியது. ஆட்டக்காரர்கள் சங்கத்தின் மேல் தொடுத்த இன்னொரு வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, பழைய ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டுத்தொகை தரப்படும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே தன் ஆட்டக்காரர்களுக்கு முதலாண்டில் 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம். 600 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வெளி ஒப்பந்தங்களை ஒரு தணிக்கை அமைப்பிடம் காட்டி, அது உண்மையான வியாபாரந்தானா, தொகை நியாயமானதுதானா என்று சான்று வாங்க வேண்டும்.

ஆக, இப்போது அங்கே கேள்வி 'வாங்கலாமா' என்பதிலிருந்து 'எவ்வளவு வாங்கலாம்' என்பதற்கு நகர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். கல்லூரிக்கு வேண்டிய பணக்காரர்கள் சேர்ந்து நிதி திரட்டி, விளம்பரம் என்ற பெயரில் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுத்து அவனைத் தம் கல்லூரிக்கு இழுப்பது அங்கே வெளிப்படையாக நடக்கிறது. இதனால் சிறிய கல்லூரிகள் அழிந்துவிடும், ஆகவே வரம்பு வேண்டும் என்கிறார்கள். நான் சிறிய கல்லூரிக்காரன். இந்தக் கவலையை உள்ளிருந்து அறிந்தவன். ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில், 2,240 மீட்டர் உயரத்துக் காற்றில் ஓடி வளர்ந்த பிள்ளைகளை, நான் இரண்டு ஆண்டு பார்த்துப் பக்குவப்படுத்தியபின், சமவெளியின் பெரிய கல்லூரிகள் கட்டணமில்லாத இடம், விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, ஸ்பைக்ஸ் ஷூ என்று சொல்லி அழைத்துப் போவதை ஆண்டுதோறும் பார்த்தேன். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் போன எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதாக எனக்கு நினைவில்லை. கெட்டுப்போனது என் அணி. அமெரிக்காவிலும் காசு தரக் கூடாது என்ற விதி இருந்த காலத்தில் பெரிய கல்லூரிகள் சும்மா இருந்துவிடவில்லை. காசுக்குப் பதில் அரண்மனை போன்ற உடைமாற்றும் அறைகளையும் பயிற்சிக் கூடங்களையும் கட்டி அதே பிள்ளைகளை இழுத்தன. சமநிலையைக் காப்பதாகச் சொன்ன விதி சமநிலையைக் காக்கவில்லை. பணம் பிள்ளையின் கைக்குப் போகாமல் கட்டட ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும்படி பார்த்துக்கொண்டது.

இனி, 1998.

அவன் கூடலூருக்கும் பந்தலூருக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பையன். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் ஒன்று. அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பாவுக்கு நுரையீரல் போய் வேலையில்லை. பையன் இடது காலால் ஆடுகிறவன். பந்தை நிறுத்திவிட்டு ஒரு கணம் எதுவும் செய்யாமல் நிற்பான். எதிராளி பொறுக்கமாட்டாமல் காலை நீட்டியதும் அந்தக் காலுக்கும் தரைக்கும் இடையிலேயே கொண்டுபோய்விடுவான். நான் சொல்லிக்கொடுத்த வித்தையல்ல. அது அவன் மலப்புரத்தில் கற்றுக்கொண்டு வந்தது.

கூடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாடுகாணியில் மலையை விட்டு இறங்கினால் வழிக்கடவு, அதைத் தாண்டினால் நிலம்பூர். அறுவடை முடிந்த வயல்களில் மூங்கிலும் கவுங்கு மரமும் கட்டிக் கேலரி எழுப்பி, விளக்குப் போட்டு, இரவில் பக்கத்துக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் கால்பந்து அந்த மண்ணின் திருவிழா. டிக்கெட் வைத்து நடக்கும். ஆப்பிரிக்காவிலிருந்துகூட ஆட்டக்காரர்கள் வந்து ஒரு பருவம் தங்கி ஆடிவிட்டுப் போவார்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கையில் காசு. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லாத ஆட்டம் என்பதால், பதிவுபெற்ற வீரர்கள் அதில் இறங்கக் கூடாது என்று மேலே இருப்பவர்கள் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். கீழே ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும்.

அந்த ஆண்டு செவன்ஸ் போட்டி ஒன்றின் மலையாள நோட்டீஸில் எங்கள் பையனின் படம் வந்துவிட்டது. யாரோ அதை உறையில் போட்டு முதல்வருக்கு அனுப்பினார்கள். எங்கள் கல்லூரியே தட்டச்சு செய்து வைத்திருந்த உறுதிமொழிப் படிவம் ஒன்று இருந்தது. அணியில் சேரும் ஒவ்வொருவனும் கையெழுத்திட வேண்டும். கல்லூரியின் அனுமதியின்றிப் பணமோ பரிசோ பெற்று வேறெந்த அணிக்கும் ஆடமாட்டேன் என்பது அதில் ஒரு வாசகம். பல்கலைக்கழகம் கேட்ட வாசகமல்ல. எங்களுக்கு முன்பிருந்த யாரோ பெருமைக்காகச் சேர்த்தது. முதல்வர் என்னை விசாரிக்கச் சொன்னார். நான் அவனை அறைக்கு அழைத்து, நோட்டீஸை மேசைமேல் வைத்து, எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டேன்.

"ஆட்டத்துக்கு 250, சார்."

எத்தனை ஆட்டம் என்று கேட்டேன். ஆறு என்றான். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மாவின் ஒரு வாரப் பறிப்புக் கூலியில் பாதிக்கும் மேலான தொகையை அவன் ஓர் இரவில் சம்பாதித்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்தும், படிவத்தின் அடியில் 'விசாரித்ததில் உண்மை எனத் தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆண்டு முழுவதும் அவனை அணியிலிருந்து விலக்கினார்கள்.

அந்தக் கல்லூரி அவனுக்கு என்ன கொடுத்திருந்தது என்பதை நான் பிற்பாடு பலமுறை கூட்டிப் பார்த்திருக்கிறேன். பருவம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டிய ஒரு ஜெர்ஸி. வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பஸ் கட்டணமும் நாளொன்றுக்கு 40 ரூபாய் படியும். பூட்ஸ் அவனவன் பாடு. படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் மற்ற மாணவர்களைப் போலவே. அமெரிக்கக் கல்லூரிகளாவது சோறும் கூரையும் படிப்பும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வெளிக்காசு கூடாது என்றன. அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் அது ஒரு வாதம். எங்களிடம் அதுவும் இல்லை. ஒன்றும் கொடுக்காமலேயே முழு ஆளையும் உரிமை கொண்டாடினோம்.

இரண்டு நாள் கழித்து அவன் ஜெர்ஸியைக் கொண்டுவந்தான். 11-ஆம் எண். துவைத்து, மடித்து, தினத்தாளில் சுற்றியிருந்தது. பிரித்தபோது 501 பார் சோப்பின் வாசனை வந்தது. பொருள் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதினேன். அடுத்த வாரம் மண்டலப் போட்டியில் முதல் சுற்றிலேயே மூன்று கோலில் தோற்றோம். பல்கலைக்கழக அணிக்கு ஆடிய சான்றிதழ் கையில் இருந்திருந்தால் ரயில்வேயோ காவல்துறையோ அவனை எடுத்திருக்கக்கூடும். சென்னை அணிகளுக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் ஆள் எடுத்தார்கள். அது நடக்கவில்லை.

என் தரப்பில் சொல்வதற்கு ஒன்றும் இல்லையா என்றால், ஒன்று உண்டு. செவன்ஸ் களம் முரட்டுக் களம். அறுவடைக் கட்டைகள் நீண்டிருக்கும் தரையில், ஊசி போட்டுக்கொண்டு ஆடி, இருபத்தைந்து வயதுக்குள் முழங்காலைத் தொலைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டம் நடத்துகிறவன் அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டான். தேர்வுக்கு முதல்நாள் இரவு நிலம்பூரில் ஆடிவிட்டு விடிகாலை பஸ்ஸில் வந்து விடைத்தாளின் மேல் தூங்கியவனும் உண்டு. இதையெல்லாம் காரணம் காட்டி ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தால் நான் இன்றும் அதற்காக வாதாடுவேன். தேர்வு வாரத்தில் ஆடாதே, காப்பீடு இல்லாத களத்தில் இறங்காதே, சூதாட்டச் செயலிக்கு முகம் கொடுக்காதே என்று சொல்ல ஓர் ஆசிரியனுக்கு உரிமை இருக்கிறது, கடமையும் இருக்கிறது. எங்கள் படிவத்தில் முழங்காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. தூக்கத்தைப் பற்றி இல்லை. காசைப் பற்றி மட்டும் இருந்தது. காசு வாங்காமல் அதே வயலில் அதே ஊசியோடு ஆடியிருந்தால் அவன் மேல் ஒரு குற்றமும் வந்திருக்காது.

இதில் இன்னொரு வேடிக்கை, எல்லா ஆட்டக்காரர்களையும் நாம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 2016-ல் தொடங்கிய டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் கல்லூரி மாணவர்கள் ஒப்பந்தப் பணம் வாங்கி ஆடுகிறார்கள். அவர்கள் படிக்கும் கல்லூரிகள் வாசலில் ஃபிளெக்ஸ் வைத்துக் கொண்டாடுகின்றன. 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆனபோது தமிழக அரசு 5 கோடி ரூபாய் அறிவித்தது. இந்த வயதில் இவ்வளவு பணமா, பிள்ளை கெட்டுவிடாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடிக்கவே வந்திருப்பார்கள். கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கைச்செலவுக்கு என்றே அரசு தருகிறது. அமெரிக்காவிலோ, 2021 அமெரிக்க ஓப்பன் டென்னிஸில் தாம் வென்ற ஏறத்தாழ 49,000 டாலர் பரிசில் பெரும்பகுதியைக் கல்லூரியில் ஆடுவதற்காக விட்டுக்கொடுக்க நேர்ந்த ரீஸ் பிராண்ட்மையர், 2024-ல் என்.சி.ஏ.ஏ. மேல் வழக்குத் தொடுத்தார். விளம்பரத்தில் சிரித்தால் லட்சக்கணக்கில் வாங்கலாம், ராக்கெட்டைப் பிடித்து ஜெயித்த பரிசை வாங்கக் கூடாது என்று இருந்தது எந்த ஊர்க் கணக்கோ.

என் தம்பி மகளைத் தடுத்தது இந்த விதிகளில் எதுவுமே அல்ல. அவள் எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறாள். அந்த விசாவில் பருவ நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியில் அனுமதியின்றி வேலை செய்யக் கூடாது. மாவுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது வேலையாகக் கருதப்படலாம் என்பது அலுவலகத்தின் அச்சம். கூடைப்பந்தில் 2023-லும் 2024-லும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரராகத் தேர்வான கனடாக்காரர் சாக் ஈடிக்கே இதே விசாதான் கையைக் கட்டியது. கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2018-லும் 2022-லும் உயரம் தாண்டுதலில் தேசியப் பட்டம் வென்ற நம் தேஜஸ்வின் சங்கரைப் போல, உதவித்தொகையை நம்பி இங்கிருந்து போகும் பிள்ளைகள் எல்லாருக்கும் இதே நிலைதான். சகதோழிகள் அனைவரும் சம்பாதிக்கும் அறையில் ஒருத்தி மட்டும் உணவுக்கூடத்தில் தட்டு அடுக்கி மணிக்கணக்கில் கூலி வாங்குகிறாள். ஆனால் போட்டியில் அவர்களைவிட வேகமாக ஓடிப் புள்ளி சேர்க்கிறாள். முந்தைய விதி எல்லாருக்கும் பொதுவான அநியாயமாக இருந்தது. இப்போது அது கடவுச்சீட்டைப் பார்த்து இறங்குகிறது.

இதற்கு அங்குள்ளவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கென்டக்கியில் ஆடிய காங்கோ நாட்டவர் ஆஸ்கார் ஷீப்வே, 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் தீவுகளுக்குப் போயிருந்தபோது அங்கே விளம்பர வேலைகளை முடித்தார். அமெரிக்க மண்ணில் செய்யாத வேலை அமெரிக்க விசாவை மீறாது என்பது கணக்கு. இதை நான் படித்துச் சொன்னதும் அவள் விதிமுறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். சொந்த நாட்டில், விடுமுறையில், அங்கேயே படம் எடுத்து, அங்குள்ள வங்கிக் கணக்கில் பணம் பெற்றால் தங்களுக்கு ஆட்சேபமில்லை என்று மூன்று வாரம் கழித்து எழுத்தில் பதில் வந்தது. தொகை 600 டாலருக்குக் கீழே என்பதால் தணிக்கைக்கும் போகவேண்டியதில்லை.

மே மாதம் அவள் வந்தபோது கையோடு இரண்டு மாவுப் பொட்டலங்களைக் கொண்டுவந்திருந்தாள். கேழ்வரகு இங்கிருந்து அங்கே போய், பொட்டலமாகி, படம் எடுத்துக்கொள்ளத் திரும்பி வந்திருந்தது. மலர்க் கண்காட்சிக் கூட்டம் எழுவதற்கு முன் என்று காலை ஆறு மணிக்கே ஊட்டி மைதானத்துக்குப் போனோம். என் கைப்பேசியில் எடுத்த படங்களில் முதல் மூன்றில் மூடுபனியில் பொட்டலம் தெரியவில்லை. நான்காவதில் பொட்டலம் தெரிந்தது, அவள் தெரியவில்லை. எட்டு மணிக்கு வெயில் வந்தபின் அவள் உண்மையாகவே நாலு சுற்று ஓடி, மூச்சு வாங்க நின்ற இடத்தில் எடுத்த படம் அமைந்தது.

திரும்பும் வழியில், நடுவட்டம் இறக்கத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. கூடலூர் எல்லையில் ஒரு டயர் கடை இருக்கிறது. அங்கேதான் எப்போதும் நிறுத்துவேன். கடைக்காரர் நாற்பத்தெட்டு வயதுக்காரர். வலது முழங்கால் மடங்காது, இடதுகாலைக் குத்திட்டு உட்கார்ந்துதான் ஜாக்கி வைப்பார். பிப்ரவரியில் பந்தலூர்ப் பக்கம் நடக்கும் செவன்ஸ் போட்டிக்குக் கமிட்டியில் இருக்கிறார். ஆட்டக்காரர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு கமிட்டியுடையது என்ற விதியை அவர்தான் சண்டைபோட்டுச் சேர்த்தாராம். எங்களுக்கு டீ வரவழைத்துவிட்டு, பொட்டலத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். என் தம்பி மகள் எல்லாவற்றையும் சொன்னாள். இதைப் பற்றி எழுதப் போகிறேன், உன் கதையும் அதில் வரும், பெயர் போடமாட்டேன், 250 ரூபாய்க்கு உன்னை விலக்கியதை எழுதத்தான் வேண்டும் என்றேன்.

அவர் சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கி முடித்து, சாவியைத் துடைத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது 250 இல்ல சார். 400. உங்களுக்குப் பயந்து கொறச்சுச் சொன்னேன்."